எதிர்ப்பக்கம் சுழன்ற கலம்

எங்கள் கலம், தொலைதூரக் கோள் ஒன்றைச் சுற்றும் மூட்டம் போர்த்திய நிலவுக்குள் பாராசூட்டில் இறங்கிக்கொண்டே படங்களை அனுப்பியது. கணினி அவற்றை ஒட்டிக் காட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலை பாதியில் அறுந்து நின்றது. அதன் பக்கத்தில் சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஒரு கடற்கரை.

கலம் மெல்லச் சுழன்றபடி இறங்க வேண்டும். அப்போதுதான் ஒரே கேமரா நாலு பக்கமும் பார்க்கும். அதைச் சுழற்றும் சின்னத் தகடுகள் என் அக்கா வீட்டுக்காரர், அத்தான், செய்தவை. "தகடு வேலை செய்யல. கண்டபடி ஆடியிருக்கு" என்று சொல்லிவிட்டு இயக்குநர் போய்விட்டார். இன்னொரு கலம் எங்கள் ஆயுசில் கிளம்பாது. படங்கள் சேராவிட்டால் அந்த உலகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. பழி அத்தான் தலையில்.

"என்ன அத்தான், கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை வச்சிட்டீங்க?" என்றேன். வழக்கமாகப் பதிலுக்கு என் சமையலை வம்புக்கு இழுப்பார். அன்று தகட்டின் வரைபடத்தை எடுத்து விரித்துக்கொண்டார்.

கணினியை நம்பிப் பயனில்லை என்று படங்களை அச்சடித்தேன். கூட்ட அறை மேசைகளை ஓரம் தள்ளி, தரையில் வரிசையாகப் பரப்பி, முட்டிபோட்டுப் பார்த்தேன். சூரியன் இருந்த பக்கம் மட்டும் மூட்டம் கொஞ்சம் வெளுத்திருந்தது. கலம் திட்டப்படி வலப்பக்கம் திரும்பினால் அந்த வெளுப்பு அடுத்தடுத்த படங்களில் இடப்பக்கம் நகர வேண்டும். அதுவோ வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அத்தான்! இது ஆடவே இல்ல. ஒழுங்காத்தான் சுத்தியிருக்கு. ஆனா எதிர்ப்பக்கமா!"

அவர் ஓடிவந்தார். இருவரும் படங்களை வலமிருந்து இடமாக மாற்றி அடுக்கினோம். மலை மலையோடு சேர்ந்தது. அதன் இடுக்கிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, இன்னொன்றோடு கலந்து, தடித்து, கடற்கரையில் போய் முடிந்தது. ஆறு! அங்கே குளிரில் தண்ணீர் பாறையாகக் கிடக்கும். நாம் அடுப்பில் எரிக்கிற மாதிரியான வாயுதான் மழையாகப் பெய்யும். அப்படிப்பட்ட இடத்திலும் ஆறு நம் ஆறு போலவே பள்ளம் தேடி வளைந்திருந்தது. சத்தியமாக எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் அக்கா உள்ளே வந்தாள். மின்னலை அளக்கக் கலத்தின் விலாவில் இரண்டு கம்பிகளை நீட்டியவள் அவள்தான். தகடுகளைத் தனியாகக் காற்றுச் சுரங்கத்தில் வேகமாகக் காற்றடித்துச் சோதித்தார்கள், கம்பிகளையும் தனியாக. ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியும், இரண்டையும் சேர்த்துச் சோதிக்கப் புருஷனுக்கும் தோன்றவில்லை, பெண்டாட்டிக்கும் தோன்றவில்லை. என்னத்தைச் சொல்ல!

நான் நடந்ததைச் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது.

"உங்க தகடு மேல தப்பில்லங்க. என் கம்பிதான் காத்தப் புடிச்சு கலத்தத் திருப்பி விட்டிருக்கு. இயக்குநர்கிட்ட இப்பவே சொல்லிட்டு வரேன்."

அத்தான் அவள் கையைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தார்.

"அதெல்லாம் அப்புறம். இந்த ஆத்த இதுவரைக்கும் உலகத்துலயே ரெண்டு பேருதான் பாத்திருக்கோம். நீயும் பாரு."