மந்திரி பாஸ்

“எங்க மந்திரி மூணாங்கிளாஸ் பாஸ் பண்ணிடுச்சு, அண்ணே. நூத்துக்கு அறுபத்தெட்டு” என்றாள் பள்ளிக்கூட ஆயா.

மந்திரி அவள் வளர்க்கும் ஆடு. எதைக் கண்டாலும் யாரையும் கேட்காமல் தின்பதால் வந்த பெயர்.

கல்வி அலுவலகக் குமாஸ்தாவான அவள் அண்ணன், நீட்டிய காகிதத்தை மடக்கவில்லை. ‘என் மகளை என் சொந்த விருப்பத்தில் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

“கதை விடாம போடு. ஆடு பாஸ் பண்ணுச்சாம், ஆடு.”

அரசாங்கப் பள்ளியைக் கம்பெனியோடு கூட்டாக நடத்துவதென்று முடிவான நாளிலிருந்து அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒப்பந்தக் கோப்பை மேசைக்கு மேசை சுமந்தவர் அவர். மூன்று தலையணை கனம். கம்பெனி அடித்த வண்ணத்தில் கண் கூசி, காக்கைகளே குடிபெயர்ந்துவிட்டன. ஏழு வாத்தியார்கள் இரண்டானார்கள். மிச்சப் பாடத்தை டேப்லெட் நடத்தியது.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். ஆகவே தேறாத பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பரீட்சைக்கும் காய்ச்சல் வரும். வரவேண்டுமென்று கம்பெனி மேலாளரே முதல் நாள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். ஆயா மகளுக்கு அந்த வருஷம் நான்கு காய்ச்சல். தண்ணீராகப் படிப்பாள், ஆனால் வாய் திக்கும். பதிலுக்கு டேப்லெட் மூன்று விநாடிதான் பொறுக்கும்.

போன பரீட்சையில், காய்ச்சல்காரர்களின் டேப்லெட்டுகள் வராந்தாவில் கிடந்தன. மகளின் பெயரில் ஒன்று தானாகத் திறந்துகொள்ள, மந்திரி நக்கியது. வாய்விட்டுப் படிக்கும் பகுதி வந்தபோது ‘மே’ என்றது. மூன்று விநாடிக்குள் சொன்னதால் அதற்கும் மதிப்பெண். மகளுக்குக் காய்ச்சல் என்று முன்பே பதிந்துவிட்டதால் அந்த பாஸ் கணக்கில் சேரவில்லை.

“கண்ணால பாருங்க. பொய்யின்னா கையெழுத்துப் போடுறேன்.”

மறுநாள் பயிற்சித் தேர்வுக்கு அண்ணன் வந்தார். திரையில் உப்பைத் தடவியிருப்பாள் என்று தன் கைக்குட்டையாலேயே அழுத்தித் துடைத்து நீட்டினார். மந்திரி நக்கியது, கத்தியது, எழுபத்தொன்று வாங்கியது. “மிக நன்று, செல்லமே” என்றது டேப்லெட்.

அடுத்து மகள் உட்கார்ந்தாள். “ம... ம...”

“மீண்டும் முயற்சி செய், செல்லமே.” திரை அணைந்தது.

அவள் நிறுத்தவில்லை. அணைந்த திரையைப் பார்த்தபடியே பாடம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னாள். நாலு நிமிஷம் ஆயிற்று. அண்ணன் நின்று கேட்டார். மந்திரிகூட அசை போடுவதை நிறுத்தியதாக ஆயா இன்றும் சாதிப்பாள்.

மதியம் அலுவலகத்துக்கு வந்த மேலாளர் காகிதத்தைக் கேட்டார். அண்ணன் எடுத்து வைத்தார். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

மேலாளர் சிரித்தார். ஆடு தேறியதென்று ஊரெல்லாம் ஒருத்தி சொல்லித் திரிகிறாளாம், அவர் தங்கைதானாமே, கொஞ்சம் கண்டித்து வைக்கக் கூடாதா என்று கேட்டார்.

அண்ணன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனவர், அதைப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

“நடந்துச்சு சார்” என்றார். “நான்தான் தொடைச்சுக் குடுத்தேன்.”