மூடிக்குக் கீழே

கடைசிப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. அவள் குனிந்து, அப்பாவின் சட்டைக் கழுத்தை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். அப்பா தனக்கென்று தைத்துக்கொண்ட சட்டை. துளைகளை எப்போதும் ஒரு நூல் இறுக்கமாகத்தான் வைப்பார். "தளர்வா வெச்சா தானாக் கழண்டுக்கும்" என்பார் கேட்பவர்களிடம்.

அந்த வாக்கியம் இப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டாம். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"என்னடி?" என்றாள் அம்மா, கட்டிலின் மறுபக்கத்திலிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. துளை சின்னதா இருக்கு."

"அவர் வேலை அப்படித்தான்."

பொத்தானைப் போட்டாள். பிறகு மணிக்கட்டுப் பொத்தானுக்காக வலது கையைத் தூக்கியபோது பார்த்தாள். கட்டை விரலுக்குக் கீழே, உள்ளங்கையின் சதையில், சிவந்த ஒரு தடம். நடுவில் சின்னக் கொப்புளம். நகக் கண்ணில் கறுப்பு மசி. துணியில் கறை படும் என்று நினைத்த நேரமெல்லாம் கை கழுவுகிற மனிதர். ஆஸ்பத்திரியில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது? எதையோ உயிர்போகப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

எதை என்று அவளுக்குத் தெரியும் என்று தோன்றியது.

ஈரத்துணியால் நகத்தைத் துடைத்தாள். மசி முழுதாகப் போகவில்லை. கையை மெல்ல உள்ளங்கை கீழாகப் படும்படி வைத்தாள். அம்மா பார்க்கவில்லை. அவர் பையில் இருந்த பொருள்களை அம்மா அலமாரித் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்: மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை, துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் துண்டு.

நேற்று மாலை அவள்தான் அப்பாவின் காருக்குப் புது ஸ்டியரிங் பொருத்தினாள். பழையது ஒல்லியான, வழவழத்த வளையம். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து வீங்கிய அவர் விரல்கள் அதைச் சுற்றி மடங்காது. வளைவுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் திருப்புவதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறாள். கடை கடையாக அலைந்து, தோல் சுற்றிய தடித்த வளையம் ஒன்றை வாங்கினாள். அந்தக் காலத்து வண்டியில் அது நேரடியாக உட்காராது என்பதால் நடுவில் வைக்க ஓர் அடாப்டரும் வாங்கினாள். லிஃப்ட் பழுதுபார்க்கிறவள் அவள். இதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையே அல்ல.

அப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். "பழைய சட்டைக்குப் புதுக் காலர் வெக்கிற" என்றார். "வெச்சுட்டா கிழிஞ்ச இடமெல்லாம் கண்ணுல படாது."

தண்டின் பற்களில் ஸ்டியரிங்கை ஏற்றி, நட்டைக் கையால் திருகிவிட்டு, சக்கரங்கள் நேராக நிற்கும்போது ஸ்டியரிங்கும் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஒரு பல் தள்ளி உட்கார்ந்து, இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கழற்றி நகர்த்தி மாட்ட வேண்டும். நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்குவது அதற்கப்புறம்தான்.

"அந்த மூடியையும் வெச்சுக் காட்டேன். முழுசா எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார் அப்பா.

பாதி தைத்த சட்டையைக்கூட ஊசி குத்திப் போட்டுக் காட்டுகிற மனிதர். அவளுக்கும் ஆசைதான். நடுவில் நட்டை மறைக்கும் ஹாரன் மூடியை வைத்து அழுத்தினாள். க்ளிக் என்றது. அப்பா தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரம் போன் வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணி.

"சாஞ்சிருக்கே" என்றார் அப்பா.

"நாளைக்கு வந்து சரி பண்றேன்ப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். நட்டு இறுக்கவில்லை, வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை.

ஒருவேளை இறுக்கியிருப்பாளோ? பழகிய வேலையைக் கை தானாகவே செய்துவிடுவதுண்டு. இறுக்கிய எந்த நட்டின் மேலும், தண்டையும் சேர்த்து, ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிடுவது அவள் வேலையிடத்துப் பழக்கம். கோடு இருந்தால் முடிந்த வேலை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். நேற்று கோடு போட்ட நினைவு இல்லை. இறுக்க ஸ்பேனரை எடுத்த நினைவும் இல்லை. மூடியின் க்ளிக் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

தளர்ந்த நட்டோடு ஸ்டியரிங் முதலில் ஒழுங்காகத்தான் திரும்பும். அதுதான் ஆபத்து. ஒரு வளைவில் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தால் போதும். பற்களிலிருந்து நழுவி, சும்மா சுற்றும். சக்கரங்கள் கேட்காது.

இன்று காலை தெருமுனை வளைவில், பள்ளிக்கூடச் சுவரை உரசிக்கொண்டு கார் நின்றது. அப்பா ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தார்.

"ஹார்ட்தான்" என்றார் டாக்டர். "சுவர்ல படறதுக்கு முன்னாடியே நின்னுபோயிருக்கும்."

நின்றுபோயிருக்கும். நின்றுபோனது என்று அவர் சொல்லவில்லை.

முன்னறையில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே மாதிரி சொன்னாள்.

"எழுந்ததும் எழுந்திரிக்காததுமா கார்கிட்ட போயிட்டார். ரொம்ப நேரம் உள்ளயே இருந்தார். அப்புறம் வேர்த்து ஊத்த வந்து தண்ணி கேட்டார். என்ன இப்படி வேர்க்குதுன்னேன். சிரிச்சார். ஒரு சுத்து போயிட்டு வரேன், கேட்டத் திறந்தே வைன்னார். நாய் வருமேன்னு நான் மூடிட்டேன். எப்படியும் வந்து ரெண்டு தடவ ஹாரன் அடிப்பார்ல? ஒரு தடவ அடிச்சா எனக்குக் காது கேக்காதாம்."

"அந்த வேர்வைதாங்க அறிகுறி. எங்க அண்ணனுக்கும் அப்படித்தான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வேர்வை என்றால் ஹார்ட். அவள் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கணமே உள்ளங்கைத் தடம் நினைவுக்கு வந்தது.

சித்தப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: "நேத்து ராத்திரிகூட அண்ணன் போன்ல பேசினார். புது ஸ்டியரிங் போட்டாச்சுடா, இனிமே நான் ஓட்டி நீ உட்காரணும்னார். தலையெழுத்து பாரு. ஒரு தெரு தாண்டல."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்ததைப் போல அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கார் வெளியே, காம்பவுண்டுக்குள் நின்றது. எதிர்வீட்டு எலக்ட்ரீசியனும் இன்னும் இரண்டு பேரும் ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளியே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அது பூட்டிக் கிடந்தது. சாவி அலமாரியில் இல்லை, ஆணியில் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெயில் பட்டுப் பளபளத்ததைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் யாரோ வந்து தோளைத் தொட்டு, "இதையே பாத்துட்டு நிக்காதம்மா" என்று உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள்.

வெயில் தாழ்ந்தபோது தம்பி வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தான். மதியம்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"வண்டி கிளம்பிடுச்சாம். வந்ததும் அப்பாவ ஏத்திடலாம். அம்மா, நீ என்கூட வா. அப்பா கார்லயே பின்னாடி போலாம்."

அவள் கையிலிருந்த டம்ளர் தட்டில் இடித்தது.

"அந்தக் கார் எதுக்குடா?" என்றார் சித்தப்பா. "என் வண்டி இருக்கு."

"இல்ல சித்தப்பா. அது பின்னாடி வரணும். பக்கவாட்டுல கீறல்தான். ஓடும்." பையைத் தட்டிக் காட்டினான். "எலக்ட்ரீசியன் குடுத்துட்டார், சாவி என்கிட்டதான் இருக்கு."

அம்மா ஏற்கெனவே எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவள் அவனை முற்றத்துக்கு இழுத்துப் போனாள். முற்றத்துக் குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாவியக் குடு."

"நீ ஓட்ட வேணாம்க்கா. காலைலேருந்து ஒரு வாய் சாப்பிடல நீ."

"ஓட்டல. குடு."

"அப்புறம் என்னத்துக்கு?"

"அந்தக் கார்ல அம்மாவ ஏத்தாத."

"ஏன்? அதுல அவர் செத்ததாலயா? அக்கா, அவர் அந்த வண்டிய எப்படி..." சமாளித்துக்கொண்டு பழைய மாதிரி பேச முயன்றான். "மியூசியத்துல வெக்க வேண்டிய வண்டிக்கு ரேஸ் ஸ்டியரிங் கேக்குதான்னு போன வாரம்கூட நான் கிண்டல் பண்ணேன். எம்பொண்ணு மாட்டிக் குடுக்கறா, உனக்கென்னடா வயித்தெரிச்சல்னார்."

அவள் குழாயைப் பார்த்தாள். அதைத் திருகி மூடினாள். மறுபடி சொட்டியது.

"நேத்து அந்த வேலை முடியலடா" என்றாள்.

"எந்த வேலை?"

அவள் கார் நின்ற பக்கம் பார்த்தாள். அவன் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதலில் புரியாமல், பிறகு புரிந்து, பிறகு புரிந்ததை அவளிடமிருந்து மறைக்கப் பார்த்து. உள்ளே யாரோ இருமினார்கள். அவன் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டான்.

காருக்குள் வெப்பம் தேங்கியிருந்தது. அப்பாவின் தலை எண்ணெய் வாசனை. அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். தம்பி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, நேற்று அப்பா நின்ற இடத்திலேயே நின்றான்.

ஸ்டியரிங் நேராக இருந்தது.

முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. பிறகு இறங்கி முன்பக்கம் போய்ப் பார்த்தாள். சக்கரங்கள் நேராக நின்றன. திரும்ப வந்து உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கும் நேராகத்தான் நின்றது. இடது பக்கச் சாய்வு இல்லை. நழுவிச் சும்மா சுற்றியிருந்தால் எப்படி வேண்டுமானாலும் நிற்கலாம். இப்படியும் நிற்கலாம்.

இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அசையவில்லை. ஆட்டினாள். ஆடவில்லை.

"என்னக்கா?"

"இரு."

காலை நகர்த்தியபோது இருக்கைக்கு அடியில் எதுவோ உருண்டது. குனிந்து இழுத்தாள். நேற்று அவள் போட்டுவிட்டுப் போன ஸ்பேனர். அதன் பிடியில் ஒரு குழாய்த் துண்டு செருகியிருந்தது, நெம்புவதற்கு வசதியாக. குழாயின் மேல் துணி சுற்றியிருந்தது. கோட் தைக்கும்போது உள்ளே வைக்கும் தடித்த வெட்டுத்துணி. ஓரம் மடித்து, பெரிய பெரிய தையலாக ஓட்டி முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சு வெளியே தெரியாமல் உள்ளே தள்ளியிருந்தது.

ஒரு ஊறுகாய் ஜாடியைத் திறக்க அம்மாவைக் கூப்பிடுகிறவர்.

அவள் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, ஹாரன் மூடியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். மூடி ஒயரோடு கழன்று தொங்கியது. நட்டு அடிவரை போய் உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கோடு இல்லை. அந்த இடத்தில் நட்டிலிருந்து தண்டுக்கு, அளவுகோல் வைத்தது போல நேராக, நீலச் சாக்பீஸால் இழுத்த ஒரு கோடு இருந்தது.

வேர்த்து ஊத்த வந்து தண்ணி கேட்டார். சிரிச்சார்.

தம்பி உள்ளே குனிந்து பார்த்தான். நீளமாக மூச்சு விட்டான். அவன் கை அவள் தோளில் விழுந்தது.

"இறுக்கித்தான்க்கா இருக்கு. கோடுகூடப் போட்டிருக்கியே. சும்மா பயந்துட்ட."

அவள் மடியில் இருந்த துணிச் சுற்றலின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஓட்டலாம்."

"அழாதக்கா. ஒண்ணும் ஆகல."

"ம்."

தெருவில் பெரிய வண்டி ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. யாரோ கையைக் காட்டி, "வா வா வா, போதும்" என்றார்கள். தம்பி நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் கோட்டில் விரல் படாமல் ஒயரை உள்ளே தள்ளி, மூடியை அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள். ஹாரன் அடித்தது. மூடி உட்காரவில்லை. மறுபடி, உள்ளங்கையால், அழுத்தினாள். ஹாரன் இன்னொரு முறை சின்னதாக அடித்தது. க்ளிக் என்றது.

முன்னறையில் பேச்சு நின்றது.

அம்மா வெளியே வந்தாள். செருப்புப் போடவில்லை. காரைப் பார்க்காமல், வேகமாக, நேரே கேட்டுக்குப் போனாள். தாழ்ப்பாளை நீக்கினாள். இரண்டு கதவுகளையும் முழுக்க உள்பக்கம் இழுத்து, ஒன்றின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள்.

தம்பி அம்மாவை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"காரை வெளிய எடுக்கணும்ல" என்றாள் அம்மா, திரும்பாமல். கதவை விடவில்லை.