விருப்பமில்லை என்று சொன்னவர்

டச்சு பேசும் நாட்டில் குடியேறியிருந்த உறவு வட்டாரத்தில் அவருக்கு டச்சு மாமா என்று பெயர். யாருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தாலும் வாடகைக்கு வீடு பார்க்க வேண்டியிருந்தாலும் மாமாதான் துணைக்குப் போய்ப் பேசுவார். பேசுவது அரைகுறைதான், ஆனால் தைரியத்துக்குக் குறைவில்லை. எதிராளி திணறுகிற வரை விடமாட்டார்.

அவர் மனைவி டச்சு வகுப்பில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அன்று சமையலறை மேஜையில் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்தாள். குன்னன், மோகன், மூத்தன், வில்லன் என்று நான்கு வினைச்சொற்கள். முதலாவது முடியும் என்பதற்கு, அடுத்தது அனுமதிக்கு, மூன்றாவது கட்டாயத்துக்கு, கடைசி விருப்பத்துக்கு. கூட்டுக்குடும்பத்து அண்ணன் தம்பிகள் மாதிரி இருக்கிறார்கள், வில்லன்தான் கடைக்குட்டி என்று சிரித்தாள். மாமா வாத்தியார் தோரணையில் காலாட்டிக்கொண்டே முதல் மூன்றுக்கும் வாக்கியம் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு வாக்கியமாவது காதால் கேட்டதாக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாராம். நான்காவதை அவளே சொன்னாள்.

"ஸை வில் நீட் வெர்கன்."

மாமாவின் காலாட்டம் நின்றது. அவளுக்கு வேலை செய்ய விருப்பமில்லை என்று அர்த்தம். கீழ்த்தளத்துத் தையல்கடைக்காரம்மா, உங்கள் மனைவி மதியம் மட்டும் வேலைக்கு வருவாளா என்று போன மாதம் கேட்டபோது, அட்சரம் பிசகாமல் அவர் சொன்ன பதில் அது. மனைவி பக்கத்தில்தான் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி நின்றாள். என்ன கேட்டாங்க என்றதற்கு, பேண்ட் தைக்க ஒரு வாரம் ஆகுமாம் என்று சமாளித்திருந்தார்.

"சரியா இருக்குங்களா?"

"சரிதான்."

அவள் எழுதிக்கொண்டாள். கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாமா கூனிக் குறுகிப் போனார். ஏன் அப்படிச் சொன்னோம் என்பது அவருக்குத் தெரியாததில்லை. அவர் பெட்டி தூக்குகிற கிடங்கில் நாள் முழுக்கக் கை ஜாடையிலேயே வேலை ஓடிவிடும். தையல்கடை வாய் ஓயாத இடம். ஒரு வருஷத்தில் அவள் பேச்சு அவர் பேச்சைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அப்புறம் டச்சு மாமாவை யார் கூப்பிடுவார்கள்? இந்த அற்பத்துக்காக, ஊரில் தையல் மிஷினை மிதித்தே குடும்பத்தைத் தாங்கியவளை வீட்டில் முடக்கிப் போட்டிருந்தார். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கடைக்குப் போனார். அவளிடம் கேட்கவே இல்லை, நானாகத்தான் அப்படிச் சொன்னேன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். கடைக்காரம்மா கையிலிருந்த ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். பிறகு, அவளிடமே கேட்டுக்கொள்கிறேன், வரச் சொல்லுங்கள் என்றாள்.

மாடியேறி வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் மாமாவும் காலணியைத் தேடினார்.

"நீங்க இருங்க," என்றாள். "நான் பேசிக்கறேன்."

ஒற்றைக் காலில் காலணியோடு மாமா வாசலிலேயே நின்றார்.