மண்டபத்தில் இடமில்லை

மூன்றாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார் பெர்னார்ட். மறுமுனையைப் பிடித்திருந்த மகள் ஷர்மைன், "போதும் டாடி," என்றாள். அவருக்குப் போதவில்லை. இன்னொரு முறை அளந்தார். சவப்பெட்டி ஆறரை அடி. திருப்பமோ நாலரை அடிகூடத் தேறாது. பெட்டியை நிமிர்த்திப் பிடித்தால் நாலாவது மாடி வீட்டுக்கு ஏற்றிவிடலாம்தான். ஆனால் முப்பத்தொன்பது வருடம் தன்னோடு குடித்தனம் நடத்தியவளை அப்படி நட்டுக்குத்தலாகத் தூக்கிப்போக அவருக்கு மனம் வரவில்லை.

டொரத்தி அன்று விடியற்காலை மருத்துவமனையில் இறந்துபோயிருந்தாள். இரண்டு வாரமாகவே இதயம் ஒத்துழைக்கவில்லை. மறுநாள், புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பூசை, பிறகு அடக்கம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். அதுவரை அவளை எங்கே வைப்பது?

பெர்மாஸ் ஜெயா பக்கத்தில், லிப்ட் இல்லாத அடுக்குமாடிகளில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு முன்பெல்லாம் இப்படி ஒரு கவலையே கிடையாது. யார் செத்தாலும் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில்தான் வைப்பார்கள். ஜெபமாலை, கோப்பி, பிஸ்கட் எல்லாம் அங்கேயே நடக்கும். பெர்னார்டின் அம்மாவும் அந்த மண்டபத்தில்தான் கடைசியாகப் படுத்திருந்தார். ஆனால் ஆறு வருடமாக அங்கே யாரையும் வைப்பதில்லை. மண்டபம் முழுக்க வெல்டிங் மிஷின்கள். வசதி உள்ளவர்கள் டவுனில் இருக்கும் ஈமச்சடங்கு நிலையத்துக்குப் போனார்கள்; அங்கே ராத்திரி எட்டு மணிக்குமேல் உறவுக்காரர்களைக்கூட இருக்கவிடமாட்டார்கள். இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்டால், கோயில் வாசல் கூட்டும் ஆள்கூட யோசிக்காமல் டொரத்தியைத்தான் கை காட்டுவார்.

டொரத்தி இடைநிலைப் பள்ளி ஒன்றில் கிளார்க். படிப்பை முடித்தும் முடிக்காமலும் போகிற பிள்ளைகளுக்குச் சான்றிதழைத் தட்டச்சில் தட்டிக் கொடுப்பது அவள் வேலை. பெர்னார்ட் தொழிற்சாலை பஸ் ஓட்டினார்; விடியுமுன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூரில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டொரத்தி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்பாள். அந்தப் பையன் என்ன வேலை பார்க்கிறான்? தட்டு கழுவுகிறான். அந்தப் பெண்? பெட்டி அடுக்குகிறாள். "நான் தட்டிக் கொடுத்த பேப்பரெல்லாம் உங்க பஸ்ஸுலதான் ஏறுது," என்றாள் ஒருநாள். அப்படிச் சொன்ன வாரத்திலேயே தலைக்குள் எதையோ முடிவு செய்துவிட்டாள். அந்தப் பொம்பளை ஒன்றை நினைத்துவிட்டால் அப்புறம் அவளிடமிருந்து அதைப் பிடுங்க யாராலும் ஆகாது.

கோயில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து மண்டபத்தைக் கேட்டாள். நம் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சிஜில் என்ற சான்றிதழ் கிடைக்கிற மாதிரி ஒரு பயிற்சிக்கூடம் வேண்டும், ஆள் சொல்லிக்கொடுக்க இருக்கிறார், இடம்தான் இல்லை என்றாள். கூட்டம் முணுமுணுத்தது. எதிர்த்துப் பேச முதலில் எழுந்தவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். மண்டபத்தைக் கொடுத்துவிட்டால் நம் வீட்டுச் சாவுகளை எங்கே வைப்பது என்று கேட்டார். அவருக்கு அம்மாவின் நினைப்பு.

டொரத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "செத்தவங்களுக்கு அந்த இடம் ஒருநாள் தேவை. உயிரோட இருக்கற பிள்ளைங்களுக்கு நாப்பது வருஷம் வேலை வேணும்," என்றாள். கூட்டமே சிரித்துக் கைதட்டியது. பெர்னார்ட் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சோறு போடும்போது, உனக்கே ஏதாவது ஆகிவிட்டால் எங்கே வைப்பதாம் என்று குத்தலாகக் கேட்டார். கோயில் முன்னால் கார், காடியெல்லாம் நிறுத்துற இடத்தில் வையுங்கள், எனக்கென்ன வெயிலா சுடப்போகிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மண்டபம் கிடைத்தது, மின்சாரம் கிடைக்கவில்லை. கோயிலுக்கும் மண்டபத்துக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. ஒரு மிஷினைப் போட்டாலே போதும், சனிக்கிழமைப் பூசையில் விளக்குகள் மங்கி, விசிறிகள் சோர்ந்து நிற்கப் பார்க்கும். சனங்கள் தலையை நிமிர்த்தி விசிறியைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி டொரத்தியைப் பார்ப்பார்கள். அவள் பீடத்தை மட்டும் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெர்னார்ட் தன் காலில் கிடக்கும் சப்பாத்தைப் பார்ப்பார். பூசை நேரத்தில் மிஷினே போடக்கூடாது என்று கமிட்டி சட்டம் போட்டது.

பட்டறைக்குத் தேவையான த்ரீ ஃபேஸ் இணைப்புக்காக டொரத்தி மின்சார அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். பிளாஸ்கில் கோப்பியும் ஒரு பொட்டலம் பன்னும் எடுத்துக்கொண்டு திறக்கும் முன்பே போய் உட்கார்ந்துகொள்வாள். கடைசியில் அங்கிருந்தவர்களே அவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்க ஆரம்பித்தார்கள். நாலு வருடம் கழித்துத் தனி இணைப்பு வந்தது. பதினோரு மிஷின்கள் வந்தன. மிஷின் போடக்கூடாது என்ற கமிட்டிச் சட்டம் மட்டும் பழைய பயத்தில் அப்படியே கிடந்தது. "ஒரு தடவ பூசை நேரத்துல பதினொன்னையும் போட்டுப் பாருங்க. ஒரு விசிறி குறையாது," என்று டொரத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

பெர்னார்ட் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார். சிகாமட்டிலிருந்து விரட்டிக்கொண்டு வந்த டொரத்தியின் தம்பி எல்வின் காரைக்கூடச் சரியாக நிறுத்தாமல் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. அக்காவை மண்டபத்தில்தான் வைக்க வேண்டும் என்றான். பயிற்சி ஆசிரியர் லோகேஸ்வரனிடம் பேசிவிட்டானாம், மிஷின்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிடலாமாம். "அவ கட்டுன இடம் மச்சான். அவளுக்கே அங்க இடமில்லன்னா கேக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அவன் சொன்னதில் என்ன தப்பு? பெர்னார்டுக்கும் அதுதான் ஆசை. அம்மா படுத்திருந்த இடத்தில் மனைவியும் ஒரு நாள் இருக்கட்டும். சரி, வா என்று சொல்லி அவனையும் ஷர்மைனையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

மண்டபத்தில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருந்தது. கப்பல் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்த லோகேஸ்வரன்தான் அங்கே பயிற்சி கொடுப்பவர். பிள்ளைகள் பதினோரு பேரும் மூச்சுவிடாமல் மிஷின்களைத் தரையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மிஷின்கள் சுவரோரம் போய்விட்டன. லோகேஸ்வரன் கையில் இருந்த போனை பெர்னார்டிடம் நீட்டாமல் நீட்டினார். தேர்வாளர் நம்பர் இது, ஒரு வார்த்தை சொன்னால் நாளைய தேர்வைத் தள்ளிவைத்துவிடலாம் என்றார்.

பெர்னார்டுக்குச் சுரீரென்றது. நாளைக்குத் தேர்வா? இரண்டு வாரமாக மருத்துவமனையே கதியென்று கிடந்ததில் அது மறந்தே போயிருந்தது. டொரத்தி மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் புதன்கிழமை, புதன்கிழமை என்று விரலை மடக்கியது இப்போதுதான் உறைத்தது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தார்.

ஸ்பானரோடு குந்தியிருந்த ரூபினி எழுந்தாள். பத்தொன்பது வயது, அந்தக் கூட்டத்தில் இரண்டே பெண்களில் ஒருத்தி.

"பரவால்ல அங்கிள். ஆன்ட்டிக்காக நாங்க அடுத்த தடவ எழுதிக்கிறோம்."

"அடுத்த தடவ எப்பம்மா?"

"நாலு மாசம் ஆகும் அங்கிள்."

"பாசிர் கூடாங் பட்டறையில வேலைக்கு எப்ப வரச் சொல்லியிருக்காங்க?"

ரூபினி ஸ்பானரைப் பார்த்தாள். லோகேஸ்வரன் கதவுப் பக்கம் பார்த்தார். பெர்னார்ட் காத்திருந்தார்.

"ஒண்ணாம் தேதி," என்றாள் கடைசியில். "சிஜிலோட வரச் சொல்லியிருக்காங்க."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சிஜில் இல்லாமல் போனால் இந்தப் பதினோரு பேர் எங்கே ஏறுவார்கள் என்று பெர்னார்டுக்குத் தெரியும். ஓய்வு பெற்றுவிட்டார்தான், ஆனால் அந்த பஸ் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அம்மாவின் பெட்டி வைத்திருந்த இடத்தில் ஏழாம் நம்பர் மிஷின் நின்றது. சுவரில் இதுவரை சிஜில் வாங்கியவர்களின் புகைப்படங்கள். அதில் பாதிப் பேரை அவருக்கே தெரியும். ஒருத்தன் போன வாரம் புதுக் காடியில் வந்து ஆஸ்பத்திரிக்கு வெளியே ஆன்ட்டியைப் பார்க்கக் காத்துக்கிடந்தான். இத்தனை வருடம் இந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது. இப்போது அதைத் தேடிப் பார்த்தார், இல்லை. நெஞ்சு நிறையப் பெருமைதான் இருந்தது. பெண்டாட்டி செத்த அன்றைக்கு ஒரு மனுஷன் இப்படிப் பெருமைப்படலாமா என்று கூச்சமாகவும் இருந்தது.

"போல்ட்ட முறுக்கும்மா," என்றார். "கழட்டுனதையெல்லாம் திருப்பி மாட்டுங்க. நாளைக்குப் பரீட்சை நடக்கட்டும்."

எல்வின் கொதித்துப்போனான். அப்போ அக்காவை ரோட்டிலா போடுவது என்றான். பெர்னார்ட் அவன் தோளில் கை வைத்தார்.

"இந்த இடத்தக் குடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கு எந்திரிச்சு நின்னவன் நான்தான்டா. அவ ஜெயிச்சா, நான் தோத்தேன். அவ ஜெயிச்சத அவ செத்த அன்னிக்கே நான் கழட்டிப் போட்டா, நான் என்ன புருஷன்?"

எல்வின் கையை உதறிக்கொண்டு வெளியே போனான். ஷர்மைன் கீழே கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்கி ரூபினியிடம் கொடுக்க ஆரம்பித்தாள்.

டொரத்தியை அவள் சொன்ன இடத்திலேயே வைத்தார்கள். கோயிலுக்கு முன்னால் காடி நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டு, மழை வந்தால் நனையாமல் இருக்கச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டினார்கள். சாயங்காலம் ஜெபமாலை தொடங்கியபோது மண்டபத்தில் சத்தம் நின்றது. பெர்னார்ட் எழுந்து போய் லோகேஸ்வரனை ஒரு பிடி பிடித்தார். நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்றார். அதன் பிறகு 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தோடு வெல்டிங் சத்தமும் சேர்ந்து கேட்டது. சில கிழவிகள் உச்சுக்கொட்டினார்கள். எல்வின் தார்ப்பாய் ஓரமாக நாற்காலி போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஃபாதர் தயங்கித் தயங்கி வந்தார். தேர்வாளர் வந்துவிட்டாராம். ஒன்பதுக்கு எழுத்துத் தேர்வு, சரியாகப் பத்துக்குச் செய்முறை. பூசையும் பத்துக்கு. கமிட்டிச் சட்டம் ஒன்று இருக்கிறதே என்று இழுத்தார்.

"சட்டத்தை இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க ஃபாதர்."

"விடறேன் பெர்னார்ட். பதினோரு மிஷினையும் ஒண்ணாப் போடுவாங்க. இதுவரைக்கும் யாரும் போட்டுப் பார்த்ததில்ல. பூசை நடுவுல லைட் போச்சுன்னா உங்களுக்குத்தான் சங்கடம்."

"போகாது ஃபாதர். டொரத்தி சொல்லியிருக்கா."

சொல்லிவிட்டாரே தவிர அவருக்கே நம்பிக்கை போதவில்லை. டொரத்தி கடிதம் எழுதத் தெரிந்தவள், கரன்ட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? போய்விட்டால், கடைசி நாளிலும் சனங்கள் பழையபடி திரும்பி அவளைப் பார்ப்பார்கள். அவளால் பீடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூட முடியாது.

பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். முன்னால் ஒரு பக்கம் பெர்னார்ட், மறுபக்கம் எல்வின். பேச்சு இல்லாவிட்டாலும் அவன் தோள் கொடுக்காமல் இருக்கவில்லை. கோயில் நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், பழைய பிள்ளைகள், மின்சார அலுவலகத்திலிருந்துகூட இருவர் வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். பீடத்துக்கு முன்னால் பெட்டியை வைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தார்கள். பெர்னார்ட் முதல் பெஞ்சில், ஷர்மைனுக்கும் எல்வினுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

ஃபாதர் முதல் ஜெபத்தைத் தொடங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் முதல் மிஷின் உறுமியது. அடுத்து இன்னொன்று. பிறகு ஒரேயடியாக மற்ற எல்லாமும் சேர்ந்துகொண்டன. பெஞ்சின் மரம் லேசாக அதிர்வது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. பழைய பழக்கம், கோயில் முழுக்கத் தலைகள் ஒன்றாக மேலே நிமிர்ந்தன. ஃபாதரும் ஒரு கணம் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். எல்வினும் பார்த்தான்.

பெர்னார்டின் கண் தானாகவே சப்பாத்துக்குப் போனது. ஷர்மைன் அவர் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். அவர் நிமிர்ந்தார்.

பெட்டிக்கு நேர் மேலே இருந்த விசிறி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்றில் வெள்ளைத் துணியின் ஓரம் விடாமல் படபடத்தது.