கரை இறங்காத பதினோரு நாள்

கப்பல்காரன் பெண்டாட்டிக்கு நாள் எண்ணுவதைத் தவிர வேறென்ன வேலை என்று ஊர் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும். அவள் எண்ணத்தான் செய்தாள். அவளுடைய புருஷன் கப்பலில் ஃபிட்டர். வருஷத்தில் நூற்றெண்பத்திரண்டு நாளுக்குக் குறைவாகச் சொந்த நாட்டில் இருந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்கு அவர் வெளிநாட்டில் வசிப்பவர், கப்பல் சம்பளத்துக்கு வரி கிடையாது. நாள் கூடிவிட்டால் மொத்தச் சம்பளத்துக்கும் வரி. வீடு இங்கே, பெண்டாட்டி பிள்ளை இங்கே, ஆள் மட்டும் வெளிநாட்டில் வசிப்பவராம். எந்த நாடு என்று கேட்டால் எஞ்சின் அறை என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வருஷம் நூற்றெண்பது நாள் வீட்டில் இருந்துவிட்டுக் கப்பல் ஏறினார். மிச்சம் ஒரே ஒரு நாள். அந்தக் கப்பல் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அந்த வருஷம் முடிவதற்குள் சொந்த ஊர்த் துறைமுகத்துக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது. உள்ளே இடம் இல்லையென்று பதினோரு நாள் அங்கேயே நின்றது. நான்காம் நாள் அவளுடைய மாமனார் செத்துப்போனார்.

வீட்டு மாடியில் நின்றால் கப்பல் தெரியும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளாளுக்கு மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்து, அவள் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தார்கள். ஃபிட்டர் கேட்காமலா இருந்தார்? கேப்டன் மூலமாகக் கேட்டார், ஏஜென்ட் மூலமாகக் கேட்டார். துறைமுக அனுமதி முடியாத கப்பலிலிருந்து யாரும் இறங்கக் கூடாது, அந்த ஆட்கள் இன்னும் நாட்டுக்குள்ளேயே வரவில்லை என்று வயர்லெஸ்ஸில் பதில் வந்தது. வயர்லெஸ்ஸில் வந்த பதிலுக்குக் காகிதம் ஏது?

ஃபிட்டரின் அண்ணன் நம்பவில்லை. நாக்கில் நரம்பில்லாமல் கூட்டத்துக்கு நடுவே சொன்னார்.

"அப்பன் செத்ததுக்கு ரெண்டு நாள் செலவு பண்ண மனசில்லை. வரி வந்துடுமாம். இவதான் விரலை மடக்கி எண்ணி, வராதீங்கன்னு சொல்லியிருப்பா."

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

ஆறு மாதம் கழித்து வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. கப்பல் நம் கடல் எல்லைக்குள் நின்ற பதினோரு நாளும் நாட்டில் இருந்த நாள்தானாம். ஆக நூற்றுத் தொண்ணூற்றொன்று. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டு. அடப்பாவிகளா! அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கேட்டபோது நாட்டுக்குள் வராத ஆள், வரி என்றதும் நாட்டுக்குள் வந்துவிட்டானா? ஒரே அரசாங்கம்தானே, ஒரு வாய்தானே பேச வேண்டும்?

ஆடிட்டரிடம் போனார்கள். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் ஒரு கேஸே இல்லைம்மா" என்றார். "ஒரு உறுதிமொழி கொடுத்தாப் போதும். இதே வாசகத்துல ஒன்பது பேருக்கு முடிச்சுக் கொடுத்திருக்கேன். அந்த நாள்ல இவர் வீட்டுக்கு வரலைன்னு ரத்த சொந்தம் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

ரத்த சொந்தம் என்று இருப்பது அந்த அண்ணன் ஒருவர்தான். போயும் போயும் அவர் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. கல்லுளிமங்கன் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "வரேன்" என்று ஒற்றை வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சொன்னபடி மறுநாள் காலை ஆடிட்டர் அறைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறுதிமொழியைச் சத்தமாகவே படித்தார்.

"வெளிநாட்டில் வசிப்பவர் என்ற தகுதியைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, என் சொந்த விருப்பத்தின் பேரிலேயே கரை இறங்காமல் இருந்தேன்."

படித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "இதைத்தானேடா நான் அன்னிக்கே சொன்னேன். பேனா கொடுங்க சார். உண்மையில கையெழுத்துப் போட எனக்கென்ன?"

அவள் இடைமறித்தாள். "அது என்ன சார் சொந்த விருப்பம்? இவர் இறங்கணும்னு கெஞ்சினாரு. விடலைன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா கெட்டுதும்மா. இறங்கக் கேட்டார்னா, நாட்டுக்குள்ள இருக்கற எண்ணம் இருந்திருக்குன்னு ஆபீசர் பிடிச்சுக்குவார். வெளியே இருக்கணும்னு நினைச்சவருக்குத்தான் சலுகை. வெறும் வாசகம்தானே, யார் படிக்கப் போறா?"

அப்பா சாவுக்கு வரக் கேட்டதே குற்றம். வர மனமில்லை என்று பொய் எழுதிக் கொடுத்தால் சலுகை. இப்படி ஒரு சட்டத்தை எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ, அவனுக்கு அப்பன் இருந்திருக்க மாட்டான் என்று அவள் நினைத்தாள். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்பது மகளின் காலேஜ் பணம். அதுவும் அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது. புருஷன் போட்டுவிட்டால் போடட்டும் என்று ஒரு கணம் நினைத்தும்விட்டாள்.

ஃபிட்டர் எழுந்தார். அண்ணன் கையிலிருந்து காகிதத்தை மெல்ல வாங்கினார். நான்காக மடித்து ஆடிட்டரின் மேஜை மேல் வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். வரி எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிடறேன்."

"ஒரு கையெழுத்துல முடியற விஷயம் சார் இது. நல்லா யோசிச்சுக்கோங்க."

"எங்கப்பா சாவுக்கு நான் வர விரும்பலைன்னு என் கையால எழுத முடியாது சார்."

ஆடிட்டர் அவளைப் பார்த்தார், இந்த அம்மாவாவது புருஷனுக்கு எடுத்துச் சொல்வார் என்று. அவள் கைப்பையைத் திறந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அண்ணன் பேனாவை மூடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். "நிஜமாவே கேட்டியாடா?" என்றார். ஃபிட்டர் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாதியை நான் கட்டறேன். வேண்டாம்னு சொல்லாதடா" என்றார்.

ஃபிட்டர் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வேண்டாங்க. முழுசும் நாங்களே கட்டறோம். பாதியை நீங்க கட்டினா, இவர் கேட்டது நிஜந்தானான்னு நாளைக்கு உங்களுக்குப் பாதிச் சந்தேகம் வரும்."