வெறும் சீட்டுகள்

பிப்ரவரி பதினேழு, திங்கட்கிழமை, காலை ஏழு ஐந்து. மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளைக் கழுவிப் பொட்டலம் கட்டும் அறையில், ஒரு பச்சைப் பிளாஸ்டிக் ஆமை தொடர்ந்து நான்காவது வாரமாக ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தது.

அது பெரியக்காவின் மேசை. முந்தைய வாரம் யார் குறைவான பொட்டலங்களை மேலே அனுப்பினார்களோ அவர்கள் மேசையில் ஆமையை வைப்பது மேனேஜரின் ஏற்பாடு. வைத்துவிட்டு எல்லோரையும் கைதட்டச் சொல்வார். நொடிக்கொரு தரம் மணி பார்ப்பதால் அவருக்கு அந்த அறை வைத்த பெயர் கடிகாரம்.

"தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. நாலு வாரமாச்சு, ஆமைக்கு அக்காவை விட்டுப் போக மனசே வரலை."

எல்லோரும் தட்டினார்கள். தொட்டியில் கருவி கழுவும் அண்ணன் மட்டும், "கையுறை ஈரமா இருக்கு சார்" என்று தப்பித்துக்கொண்டார்.

பெரியக்கா மந்தமானவள் அல்ல. கிருமி நீக்கும் நீராவிப் பெட்டியிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் ஆறவைத்துப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். துணி ஈரமாக இருந்தால் கிருமி அதன் வழியே உள்ளே போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். உலர்த்தும் நேரத்தைக் கடிகாரம் முப்பது நிமிடத்திலிருந்து பத்தாகக் குறைத்த பிறகு, அவள் தொட்டதில் மூன்றில் ஒன்று திரும்பிப் போனது. மற்றவர்கள் தொடுவதையே விட்டுவிட்டார்கள். 'சரிபார்த்தேன்' என்று அச்சடித்த சீட்டுகளில் திங்கட்கிழமையே இருநூறு கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டு, வாரம் முழுக்க ஒட்டினார்கள்.

அன்று ஆமையோடு ஒரு கட்டுச் சீட்டும் வந்தது.

"நாளைக்குக் காலைல கையெழுத்தோட வரணும்" என்றார் கடிகாரம்.

"பொட்டலமே இன்னும் கட்டலையே சார். எதைப் பார்த்துப் போடறது?"

"எல்லாரும்தான் போடறாங்க. உங்களுக்கு மட்டும் கைல சுளுக்கா?" குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை நிரந்தரம் பண்ற லிஸ்ட் அனுப்பறேன். ஆறு வருஷமாக் காத்திருக்கீங்க. பார்த்துக்குங்க."

ஆறு வருடமாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இன்னொரு ஆறு மாதம் வேலை கொடுங்கள் என்று அவர் முன்னால் போய் நின்றவள் அவள்.

சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேசைச் சின்னவள் சொன்னாள்: "போட்டுத் தொலைங்கக்கா. அந்தாளு வாயில விழுந்தா எழுந்திருக்க முடியாது."

"நாளைக்கு ஒருத்தர் வயித்துல சீழ் வச்சா சீட்டுல யார் பேரு இருக்கும்? கடிகாரம் பேரா?"

சின்னவள் டப்பாவை மூடினாள். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

மாலையில் வீட்டு மேசைமேல் சீட்டுக்கட்டைப் பார்த்த கணவர், "என்ன, பரீட்சைத் தாள் திருத்தறியா?" என்று கேட்டார். அவர் பேருந்து ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பிரேக் பார்த்தாச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வண்டிய எடுன்னா, நான் எடுக்க மாட்டேன். ஆனா எனக்கு வேலை நிரந்தரம். உனக்கு அப்படி இல்ல. என்ன பண்ணப் போற?"

"கையெழுத்துப் போடப் போறேன்" என்று பேனாவைத் திறந்தாள். அவர் முகம் சுருங்கியது. அவள் எழுதி முடித்த முதல் சீட்டை எட்டிப் படித்தார். பிறகு எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் கட்டைக் கொடுத்தபோது கடிகாரம் மணியைத்தான் பார்த்தார். "இப்பதான் வழிக்கு வந்தீங்க" என்று சொல்லிக் கட்டைச் சின்னவளிடம் நீட்டினார். "ஒட்டு, ஒட்டு. வண்டி நிக்குது." முதல் சீட்டைக் கையில் எடுத்த சின்னவள் பெரியக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நாற்பது பொட்டலங்களில் ஒட்டினாள்.

முக்கால் மணி நேரத்தில் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு அறுவை அரங்கின் தலைமை நர்ஸே இறங்கி வந்தார். ஒரு பொட்டலத்தைத் தூக்கிச் சத்தமாகப் படித்தார்: "'சரிபார்த்தேன்.' அதுக்குக் கீழ, 'இது வெறும் சீட்டில் போட்ட கையெழுத்து. இந்தப் பொட்டலத்தை நான் பார்க்கவில்லை.' நாற்பதுலயும் இதே. என்ன விளையாட்டு இது?"

"சார் கேட்டாரு, போட்டேன்" என்றாள் பெரியக்கா. "தொட்டுப் பாருங்க சிஸ்டர்."

நர்ஸ் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். "ஈரம்" என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளா இப்படி எழுதாம வந்ததெல்லாம்?"

கடிகாரம் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் இழுப்பறையைத் திறந்தாள். கையெழுத்துப் போட்டு வைத்திருந்த தன் சீட்டுக்கட்டை எடுத்துப்போய்த் தொட்டித் தண்ணீரில் போட்டாள். தொட்டிக்கார அண்ணன் ஈரக் கையுறையோடு கைதட்டினார். தண்ணீர் கடிகாரத்தின் சட்டைவரை தெறித்தது.

மார்ச் மூன்றாம் தேதி உலர்த்தும் நேரம் மறுபடியும் முப்பது நிமிடமானது. நிரந்தரம் செய்யப்பட்டவர்கள் பட்டியலில் பெரியக்காவின் பெயர் இல்லை. கடிகாரம் அதே பதவியில் இருக்கிறார். அடுத்த மேசையில் வைக்க ஆமையைத் திருப்பித் தரும்படி இரண்டு முறை கேட்டார், அவள் தரவில்லை.