பேரத்துக்குப் படியாத இருபத்தாறு

1.
இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை. ஓசூரில் டியூஷன் நடத்தும் அழகர்சாமி, "பிளஸ் ஒன் புள்ளைங்களுக்குச் சுவாசப் பாடம் மனசுல நிக்கற மாதிரி ஒரு கதை எழுதிக் குடுங்க சார்" என்றார். கூடவே ஒரு நிபந்தனை: "பரீட்ச நேரம். யாரும் சாகக் கூடாது."

நான் வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன். கேட்டதை அப்படியே ஒப்புக்கொண்டால் எனக்குச் சோறு இறங்காது. "ஒருத்தர் இருமலாமா?" என்றேன். இருமலுக்குச் சம்மதித்தார்.

2.
முதல் தொடக்கம்: "நுரையீரல் என்பது மார்பறையில் அமைந்துள்ள..."

(விடுங்கள். அதற்குத்தான் பாடநூல் இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: குந்தாரப்பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பிளஸ் ஒன் வகுப்புக்கு வேலை கொடுத்திருந்தார்கள்: வீட்டில் ஒருவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணி ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு என்று புத்தகம் சொல்வதால், வகுப்பில் எல்லோரும் யாரையும் எண்ணாமல் பதினான்கு என்று எழுதிவிட்டார்கள். சுசித்ரா மட்டும் அண்ணன் பிரேம்குமாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கிரானைட் கம்பெனியில் கல் அறுக்கிறவன்.

"என்னா டாக்டரம்மா, உசுரு இருக்கா?"

"பேசாத இருண்ணா. நாடி எண்ணறேன்ல."

பொய். எண்ணுவது தெரிந்தால் யாராக இருந்தாலும் மூச்சைத் திருத்திக்கொள்வார்கள். அதனால் கை மணிக்கட்டில், கண் நெஞ்சில். உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிறது. விலா எலும்புகள் மேலெழுகின்றன. நெஞ்சுக்குள் இடம் பெருகி அழுத்தம் குறைய, வெளிக்காற்று தானே உள்ளே வருகிறது. அப்படி ஒவ்வொரு முறை வரும்போதும் அவன் சட்டையின் இரண்டாவது பொத்தான் எழுந்தது. ஒரு நிமிடத்தில் இருபத்தாறு முறை.

3.
இங்கே நான் பேரம் பேசினேன். இருபத்தாறு அதிகம் என்று இருபதாக்கினேன். அது ஒட்டவில்லை, அடித்தேன். "அப்போதுதான் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தவன்" என்று ஒரு காரணத்தைச் செருகினேன். சுசித்ரா விடவில்லை. அரை மணி நேரம் அவனைச் சும்மா உட்கார வைத்து மறுபடி எண்ணினாள். இருபத்தாறு. ஒரு மூச்சுகூட எனக்குத் தள்ளுபடி தரவில்லை.

(மதிப்பெண்ணுக்கு ஆகும் பக்கக் குறிப்பு: மூக்கு, மூச்சுக்குழல், கிளைக்குழல்கள், கடைசியில் காற்று நுண்ணறைகள். பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். கல் அறுக்கும்போது பறக்கும் மிக நுண்ணிய தூசி பிடிபடாமல் கடைசி அறைவரை போய்த் தங்கித் தழும்பாக்கும். அங்கேதான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது, இரண்டுமே மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு. பேரமே இல்லாத கொடுக்கல் வாங்கல். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.)

4.
அவள் இருபத்தாறு என்றே எழுதினாள். அவன் எட்டிப் பார்த்தான்.

"ஏ பாப்பா, எல்லாரும் பதினாலு எழுதிருக்காங்கன்ன. நீ மட்டும் என்னாத்துக்கு இப்பிடி? மார்க் போயிரும்."

"போனா போவுது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு ஊதிக் காட்ட எப்ப வர்ற?"

நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் சோதனை; இரண்டு முறை அவன் தட்டிக் கழித்தது.

"கொறன்னு தெரிஞ்சா மிஷின் வேலைலருந்து எறக்கிருவாங்க, பாப்பா."

"எறக்கட்டும்."

"நாடின்னு பொய் சொன்ன இல்ல?"

"நீ மட்டும் ரெண்டு வருசமா சளின்னு சொல்லல?"

பதில் சொல்ல அவன் வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. அவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

"சனிக்கெழம லீவு போடறேன்" என்றான், செம்பைப் பார்த்து.

5.
முடிவு அ: வெறும் சளிதான். அழகர்சாமிக்குப் பிடிக்கும். கல் அறுக்கிறவர் ஒருவரும் நம்ப மாட்டார்.

முடிவு ஆ: டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,

(இதற்கு மேல் எழுதவில்லை. நிபந்தனைக்காக மட்டும் இல்லை.)

ஆகவே, சனிக்கிழமை. அவன் மூக்கில் கிளிப், வாயில் குழாய். "நல்லா உள்ள இழுங்க. சொன்னதும் ஒரே மூச்சா ஊதுங்க" என்கிறார் நர்சம்மா. எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று உள்ளேயே தங்கிவிடும். பெயர், எஞ்சிய கொள்ளளவு. ஊதி அளக்கும் கருவிக்கு அது அகப்படாது. பரீட்சையில் கேட்பார்கள்.

அவன் இழுத்துவிட்டான். இரண்டாவது பொத்தான் மேலே நிற்கிறது. ஊதச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் சுசித்ராவும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.